ஊருக்கு வந்து டயர் மாற்றிய கதை

பைக்கின் வேகம் 80-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் கையில் நடுங்கத் தொடங்கியது. 90-இல் பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. 70-க்கு இறங்கினால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி சாதுவாக ஓடியது. புது டயர் இரண்டும் போட்டு அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பின்சீட்டில் இருந்த மனைவி, "ரோடு மோசமா?" என்று கேட்டார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். வருடத்தில் நான்கு வாரம்தான் ஊரில் இருப்பேன். மீதி நாளெல்லாம் என் டூரிங் பைக் தம்பி வீட்டில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பான், அவ்வளவுதான். இந்த முறை பெட்டிகளை மாட்டிக்கொண்டு இருவருமாக நீண்ட தூரம் போவதாகத் திட்டம். டயரைக் குனிந்து பார்த்தபோது பள்ளம் தாராளமாக இருந்தது. பள்ளத்துக்குள் குட்டியாக எழுந்து நிற்குமே தேய்மானக் காட்டி, அதற்கு இன்னும் வெகுதூரம். ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசியில் இருந்த நான்கு எண் 2318. அதாவது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டு, பத்து ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடு என்பது டயர் கம்பெனிகள் பல சொல்லும் அளவு. என்னுடையது இரண்டுக்கும் நடுவில். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் இல்லை, பலகை. போதாததற்கு நெடுஞ்சாலையிலேயே ஓடி ஓடி பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகியிருந்தது. இப்படித் தேய்ந்த டயர் வளைவில் சாயும்போது நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு விளிம்பில் ஏறி இறங்கும். சரி, இரண்டையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடையில் டயர் தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பொறுமையாகவே காட்டினார்கள். முன்னால் 110/70 ஆர் 17, பின்னால் 150/60 ஆர் 17 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்). கடைக்காரத் தம்பி, "பின்னாடி 160 போட்டுடலாம் சார், லுக் வேற மாதிரி இருக்கும்" என்றார். லுக் வேறு மாதிரிதான் இருக்கும், ஓட்டமும் வேறு மாதிரி ஆகிவிடும். ரிம்மின் அகலம் அதேதானே. அகல டயரின் இரு ஓரத்தையும் அந்த ரிம் இறுக்கிப் பிடிக்க, முதுகு கூம்பாகிவிடும். சாய்த்தால் வண்டி வேறு விதமாகத் திரும்பும், செயின் பக்கம் இடைவெளியும் குறையும். வண்டியின் கையேட்டில் இருக்கும் அளவே போதும் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அளவை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும்தான் விட்டுவிடுவார்கள். எனக்கு வேண்டியது முன்னால் 54 ஹெச், பின்னால் 66 ஹெச். 54 என்றால் அந்த டயர் 212 கிலோ தாங்கும். 66 என்றால் 300 கிலோ. ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. அந்த வேகத்தில் நான் போகப்போவதில்லை. ஆனால் இரண்டு ஆள், மூன்று பெட்டி, முழு டேங்க் பெட்ரோல் என்று கூட்டினால் பின்டயரின் எடை எண் வேடிக்கை இல்லை. வண்டிக்குச் சொன்ன எண்ணைவிடக் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. அப்புறம் ரேடியல் (அளவில் வரும் 'ஆர்', டயருக்குள் நூல் அடுக்கு ஓடும் விதத்தைச் சொல்வது) வண்டிக்கு ரேடியல். முன்னால் ஒரு ஜாதி, பின்னால் ஒரு ஜாதி என்று கலப்பதை வண்டி செய்தவரே அனுமதித்தால் தவிர நான் செய்யமாட்டேன். வளைவு ரசிகர்களின் மெத்து ரப்பர் வேண்டாம், நேர்ச்சாலையில் சீக்கிரம் கரைந்துவிடும். நடுவில் கெட்டி ரப்பரும் ஓரங்களில் மெத்து ரப்பரும் சேர்ந்த டூரிங் வகை ஒன்றை எடுத்தேன். மழைப் பிடிப்பு எனக்கு முக்கியம்; சிலிகா கலந்த ரப்பர் என்று போட்டிருந்தது.

முதலில் கொண்டுவந்த பின்டயரின் தேதி மூன்று வருடப் பழசு. முன்டயரோ அந்த வருடத்துச் சரக்கு. வேறு பின்டயர் கிடைக்குமா என்று கேட்டதும் முகம் சுளிக்காமல் கிடங்கில் தேடி எடுத்து வந்தார். நான் வேலை பார்க்கும் நாட்டில் இதே கேள்விக்கு, "முறையாக வைத்திருந்த டயர் சார், தேதியில் ஒன்றுமில்லை" என்று பதில் வரும். அதுவும் பொய்யில்லை, ஆனாலும் வெயில் படாமல்தான் வைத்திருந்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

தப்பு அடுத்ததில்தான் நடந்தது, அதில் பாதி என்னுடையது. மாட்டும்போது கூட நிற்காமல் வண்டியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். மாலையில் வந்தால் வண்டி தயார். டயரின் பக்கச்சுவர் பளபளவென்று பாலிஷ் போட்டு மின்னியது. (கார் டயருக்கு அந்தப் பாலிஷ் போடலாம். பைக் டயரில் ஓரத்தில் வழிந்தால் அதன் மேலேதான் நாம் சாய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.) பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிவரச் சமமாக இருக்கும்படி ரிம்மில் சின்ன எடைக்கட்டி ஒட்டுவது, செய்தீர்களா என்று கேட்டேன். "பைக்குக்கு அதெல்லாம் வேண்டாம் சார், காருக்குத்தான்" என்றார். அசதியில் தலையாட்டிவிட்டு வந்தேன். கடைப் பெயர் வேண்டாம். நல்ல டயர்தான் விற்றார்கள்.

நடுக்கம் வந்த அன்று இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் முன்சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.84 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 15 சுற்றுக்கு மேல் சுற்றும். ரிம்மின் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமம். அதுவும் ஒரே பக்கம் இல்லை. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்கு 15 தடவை திசை மாறி மாறி. 50 கிலோமீட்டரில் அதே 20 கிராம் ஒரு கிலோதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அந்த வேகத்தில் அது தெரியாது.

நண்பன் ஒருவன் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். சின்ன இடம், கம்ப்யூட்டர் பேலன்சிங் இயந்திரம் எதுவும் இல்லை. மூலையில் இரண்டு இரும்புத் தாங்கிகள், நடுவில் ஒரு வழவழப்பான தண்டு, தாங்கி ஒவ்வொன்றிலும் இரண்டு சின்ன பேரிங். மனதுக்குள் கொஞ்சம் சோர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "பேலன்ஸ் மட்டும் பண்ணிக் கொடுங்க அண்ணே" என்றேன். "அது கடைசி வேலை தம்பி. முதல்ல என்னன்னு பாப்போம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். எனக்கும் ஒன்று.

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மெதுவாகச் சுற்றினார். டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிவர ஓடும். டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்கார்ந்திருந்தால், அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். என் சக்கரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ரிம்முக்குள் போய் ஒளிந்திருந்தது. விரலை டயர் முதுகுக்கு அருகில் அசையாமல் பிடித்துச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது டயர் விரலை விட்டு விலகியது. இதை வைத்துக்கொண்டு எத்தனை கிராம் ஒட்டினாலும் பயனில்லை. வட்டமாக இல்லாத சக்கரத்தை எடை போட்டுச் சமன் செய்தாலும் சாலையில் குதிக்கத்தான் செய்யும்.

சக்கரத்தைக் கழற்றியதும் ரிம்மின் உள்பக்கத்தில் இன்னொன்றும் கிடைத்தது. பழைய டயருக்காக எப்போதோ ஒட்டிய ஈயக்கட்டி நான்கு அப்படியே இருந்தன. போன டயருக்கு எழுதிய மருந்தை வந்த டயரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். ஒவ்வொன்றும் 5 கிராம். என் இரவுக் கணக்கின் 20 கிராம்!

பின்சக்கரத்தின் வால்வைத் திறந்தபோது பச்சையாக ஏதோ சொட்டியது. பஞ்சர் லிக்விட், ஓட்டை விழுந்தால் தானே அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் திரவம். கேட்காமலே ஊற்றியிருக்கிறார்கள். தாங்கியில் மெதுவாகச் சுற்றும்போது திரவம் எப்போதும் கீழே தேங்கும், எந்த இடம் கனம் என்று சக்கரம் உண்மையைச் சொல்லாது. டயரைப் பிரித்துக் கழுவினோம்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முன்சக்கரத்தில் டயர் போடாமல் வெறும் ரிம்மை வால்வோடு தண்டில் கோத்துத் தாங்கியில் வைத்தார். ரிம் சோம்பலாகச் சுற்றி, ஊசலாடி, நின்றது. அடியில் வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு. மூன்று தடவை சுற்றினார், மூன்று தடவையும் அதே இடம். அது வால்வு இல்லை, வால்வில் இருந்து ஒரு சாண் தள்ளி. வால்வுதான் கனமான இடம் என்று நானும் நினைத்திருந்தேன். பல டயர்களில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும், டயரின் லேசான இடம் அது. அதை வால்வுக்கு நேராக வைப்பது வழக்கம். எல்லா டயரிலும் புள்ளி இருக்காது, எல்லா ரிம்மிலும் வால்வுப் பக்கம் கனம் இருக்காது. அவர் புள்ளியைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வைத்தார். சுழலும் திசை காட்டும் அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்தார், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினார், காற்று ஏற்றினார். 'டப்' என்று ஒரு பக்கம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டப்'. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமலே கோடு சுற்றிவர ஒன்றுபோல வெளியே வந்தது. உட்காராத டயரை இன்னும் காற்றடித்தே உட்கார வைக்கப் பார்ப்பவர் அருகில் நிற்காதீர்கள்.

மறுபடி தாங்கி. கனமான பக்கம் அடியில் வந்து நின்றது. நேர் எதிரே உச்சியில் 10 கிராமைக் காகிதநாடாவால் தற்காலிகமாக ஒட்டினார். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி, கனமான பக்கம் பக்கவாட்டில் இருக்கும்படி விட்டார். மெல்ல இறங்கியது. இன்னும் 5. இப்போது எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. மொத்தம் 15 கிராம். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, அந்த எடை வில்லைகளை ரிம்மின் நடுக்கோட்டில் ஒட்டினார். பின்சக்கரத்துக்கு 25 போனது. இந்த அளவு அகலமுள்ள ரிம்முக்கு இப்படி நிறுத்திச் சமன் செய்வதே போதும். இன்னும் அகலமான பின்சக்கரங்களுக்குத்தான் ஓடவிட்டுப் பார்க்கும் இயந்திரம் கூடுதலாக உதவும்.

வெளிநாட்டில் எனக்கு இதுவரை கிடைத்தது ஒரு காகிதம்: முன்னால் பூஜ்யம், பின்னால் பூஜ்யம் என்று அச்சடித்தது. பட்டறைக்குள் வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அந்த வேலை மோசம் என்று சொல்லவில்லை. ஒருமுறைகூட வண்டி நடுங்கியதில்லை. ஆனால் என் சொந்தச் சக்கரம் தானாகச் சுற்றி நிற்பதை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இங்கேதான் பார்த்தேன். முதல் கடையும் இதே ஊர்தானே, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பேரிங்கை விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தார், சொரசொரப்பு இல்லை. ஆக்சில் நட்டை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் முறுக்குமானி வைத்து இறுக்கினார், செயின் தொய்வைப் பார்த்தார். சாவியைக் கொடுப்பதற்கு முன் முன்பிரேக்கை நான்கைந்து தடவை அழுத்தினார். சக்கரம் கழற்றி மாட்டியதும் பிரேக் கட்டைகள் விலகி இருக்கும், முதல் அழுத்தில் லீவர் வெறுமையாக உள்ளே போகும். அதை முதல் சிக்னலில் தெரிந்துகொள்ளக் கூடாது. "புது டயர், 150 கிலோமீட்டர் வரைக்கும் ரொம்பச் சாய்க்காதீங்க. காத்து காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, ஓட்டிட்டு வந்து பாக்காதீங்க" என்றார்.

போகும்போது, ஒட்டிய வில்லைகளைச் சுற்றி மார்க்கரில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். வில்லை நகர்ந்தாலோ விழுந்தாலோ கட்டம் காட்டிக்கொடுக்கும். மறுநாள் 100-இல் பக்கக் கண்ணாடியில் ஒரே ஒரு லாரிதான் தெரிந்தது. 1,400 கிலோமீட்டர் ஓட்டி வந்து, வண்டிக்கு உறை போர்த்துவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் மூன்று வில்லையும் கட்டத்துக்குள்ளேயே இருந்தன. பின்னால் செயின் எண்ணெய் தெறித்து மார்க்கர் கோடு அழிந்திருந்தது. தடவி எண்ணினேன், ஐந்தும் இருந்தன.