மெலொக்சிகாம் ஊசி: பசுவின் வலிக்கும் பாறு கழுகின் உயிருக்கும்

மடி வீங்கி, கை பட்டாலே உதைக்கிற பசுவுக்கு வலி தணிக்க நம்பி வாங்கக்கூடிய மருந்து மெலொக்சிகாம். ஆனால் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் லயத்தில் மாடு வளர்ப்பவர்கள் பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. மில்லிலீற்றருக்கு 5 மி.கி., 20 மி.கி. என்று இரண்டு வகை உண்டு. குளறுபடி நடப்பது இங்கேதான்.

கிலோவுக்கு 0.5 மி.கி. என்பது கணக்கு. தராசு இல்லாவிட்டால் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., தோள்முனையிலிருந்து பின்தட்டு எலும்பு வரை 130 செ.மீ. என்றால், 160ஐ 160ஆலும் 130ஆலும் பெருக்கி 10,840ஆல் வகுங்கள். ஏறக்குறைய 307 கிலோ. 20 மி.கி. மருந்தில் 7.7 மி.லீ., தோலுக்கடியில், ஒரே தடவை. அதே 7.7 மி.லீ.யை 5 மி.கி. போத்தலில் எடுத்தால் கால்வாசி மருந்துதான் உள்ளே போகும். மாடு முனகிக்கொண்டே நிற்கும், பழி மருந்தின் மேல் விழும். அந்தப் போத்தலில் 30 மி.லீ.க்கு மேல் ஏற்ற வேண்டும். மாட்டுக்கு அது வதை. 20 மி.கி.யே வாங்குங்கள்.

இது கிருமியைக் கொல்லாது. மடிநோய்க்கான அன்டிபயோட்டிக்கை மிருக வைத்தியர்தான் தர வேண்டும். வேறு வலிமருந்தையோ டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டு மருந்தையோ சேர்த்துப் போட்டால் குடல் புண்ணாகும். கழிச்சலில் நீர் வற்றிய மாட்டுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். பெரிய குறை பால்தான்: 20 மி.கி. மருந்துக்கு ஐரோப்பிய லேபல் 5 நாள் பாலையும் 15 நாள் இறைச்சியையும் விலக்கச் சொல்கிறது. பால் காசில் ஓடும் வீட்டுக்கு அது கனமான இழப்பு.

அப்படியும் டைக்ளோபெனக் என்ற இன்னொரு வலிமருந்தைத் தொடாதீர்கள். அந்த ஊசி போட்டு இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுக்குச் சிறுநீரகம் நின்றுபோகும். ஈரலின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும். நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக இம்மருந்து இருந்தாலே கூட்டம் அழியும். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. தின்று தீர்க்கப் பாறு இல்லாத பிணங்களில் தெருநாய்கள் பெருகின. 2006இல் அங்கே மாட்டுக்கு டைக்ளோபெனக் தடையானது. மெலொக்சிகாமோ பாறுகளிலேயே சோதித்து, தீங்கில்லை என்று கண்ட மருந்து.

இலங்கையில் பாறு கூடு கட்டுவதில்லை. ஆனால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன நம் சொந்தங்கள் தமிழ்நாட்டு நீலகிரியின் கூடலூர், கோத்தகிரியில் இருக்கிறார்கள். பக்கத்திலேயே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் கூடு கட்டுகின்றன. போனில் பேசும்போது மெலொக்சிகாமின் பெயரைச் சொல்லுங்கள். டைக்ளோபெனக்கைப் போலவே அசெக்ளோபெனக், கீட்டோபுரோபென் என்ற வலிமருந்துகள் இரண்டும் 2023இல் அங்கே மாட்டுக்குத் தடையாகிவிட்டன. இவற்றில் எதையாவது போட்டு மாடு இறந்திருந்தால், காட்டோரம் வீசாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.