எட்டே வாரத்தில் மோப்பநாய் தயார் என்பவரிடம் நாயை விடாதீர்கள்

ஜெர்மனியில் வேட்டை உரிமம் எடுத்திருக்கும், எடுக்கப் படித்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாயைப் பழக்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் என்னிடம் 1,800 யூரோ வாங்கினார். பணம் போனது போகட்டும். என் நாய்க்கும், நான் சுட்ட ஒரு மானுக்கும் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அவை கண்ணால் கண்டு விரட்டும் நாய்கள். இங்கே வேண்டியது வேறு. குண்டு பட்ட மான் விழாமல் புதருக்குள் ஓடிவிட்டால், பல மணி நேரம் கழித்தும் அதன் தடத்தை மூக்கால் பிடித்து, நீளமான தோல்வாரின் மறுமுனையில் நம்மையும் இழுத்துக்கொண்டு போய் மானிடம் சேர்க்க வேண்டும். காயம்பட்ட விலங்கை வலியில் துடிக்க விடக்கூடாது என்று ஜெர்மன் வேட்டைச் சட்டத்தின் 22ஏ பிரிவு சொல்கிறது. இங்கே வேட்டைக்காரர்கள் விலங்கின் ரத்தத்தை ‘ஷ்வைஸ்’ என்பார்கள். சாதாரணப் பேச்சில் அதற்கு வியர்வை என்று பொருள். அந்த வேலைக்கென்றே வளர்க்கும் நாய்க்குப் பெயரும் ஷ்வைஸ்ஹுண்ட்.

எங்கள் மணி அந்த இனம் இல்லை. கம்பி போன்ற முடியுள்ள டாக்ஸ்ஹுண்ட். குட்டையான கால், ஆனால் அருமையான மூக்கு. ஆறு மாதக் குட்டியாக இருந்தபோதே, ஈரலை இழுத்துப்போட்ட தடத்தைத் தோட்டத்தில் பிடித்துவிடுவான். வேலை நெருக்கடியில் என்னால் தொடர்ந்து பழக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. “எட்டு வாரம் என்னிடம் விடுங்கள், தேர்வுக்குத் தயாராகத் திருப்பித் தருகிறேன்” என்றார். பணத்தைக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

வாராவாரம் வீடியோ வந்தது. மணி தரையில் மூக்கை வைத்தபடி புல்வெளியைக் கடந்து, மான் தோல் கிடக்கும் இடத்தில் போய் நிற்பான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

செப்டம்பரில் ஒரு மாலை, இருட்டும் நேரத்தில், ரோ என்ற சிறிய வகை மானின் கடா ஒன்றைச் சுட்டேன். குண்டு சற்றுப் பின்னால் போய்விட்டது. அது நின்ற இடத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம், கூடவே பச்சை நிறத்தில் குடலில் இருந்த தீனி. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்சிவப்பாக நுரைத்திருக்கும். வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். அதனால் ஒரு கிளையை ஒடித்து இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, விடியும் வரை காத்திருந்தேன்.

விடிந்ததும் மணியைக் கூட்டிப்போனேன். எண்பது அடி போனான். பிறகு திரும்பி என் பூட்ஸை முகர்ந்தான். மறுபடி விட்டேன், மறுபடியும் என் காலடிக்கே வந்தான். தைரியம் கொடுக்கலாம் என்று கழுத்துப்பட்டையைத் தொட்டேன். வாலை ஒடுக்கிக்கொண்டு தரையோடு படுத்து நடுங்கினான். அப்போதுதான் முடியை விலக்கிப் பார்த்தேன். தொண்டையின் இரு பக்கமும் வட்டமாக இரண்டு புண்கள், ஆறிக்கொண்டிருந்தன. மின் அதிர்ச்சிப் பட்டையின் முனைகள் அழுந்திய இடம்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வீணாக்கிய பிறகுதான், காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே அங்கீகாரம் பெற்ற ஒருவரை அழைத்தேன். ஹனோவர் ஷ்வைஸ்ஹுண்டோடு வந்தார். நாங்கள் மிதித்துக் குழப்பிய இடத்தைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டதும், அந்த நாய் நிதானமாக எழுநூறு மீட்டர் நடந்தது. பெரணிப் புதருக்குள் மான் உயிரோடு கிடந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அவர்தான் அதன் வேதனையை முடித்துவைத்தார். பயணச் செலவைத் தவிர ஒரு காசு வாங்கவில்லை. சுட்டது நான், அந்தப் பொறுப்பு என்னுடையது. ஆனால் மணிக்கு வேலை தெரியும் என்று நம்பியிராவிட்டால், விடிந்த உடனே அவரைக் கூப்பிட்டிருப்பேன்.

வீடியோக்களை அவரிடம் காட்டினேன். ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். எல்லாமே ஒரே புல்வெளி. மரங்களில் வழிகாட்டும் காகிதப் பட்டைகள். புல் ஏற்கெனவே மிதிபட்டு வழி பளிச்சென்று தெரிகிறது. தடம் போட்டவரும் நாயைப் பிடித்திருந்தவரும் ஒரே ஆள், அதுவும் போட்ட சிறிது நேரத்திலேயே. மணி தொடர்ந்தது மானை அல்ல, அந்த மனிதரின் செருப்பை.

முறையான தேர்வு எப்படி என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜெர்மன் வேட்டைநாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் ரத்தத்தடத் தேர்வில் தடம் குறைந்தது 1,000 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் கால் லிட்டர் ரத்தம்தான். போட்டு 20 மணி நேரம், அடுத்த கட்டத் தேர்வில் 40 மணி நேரம் ஆன பிறகே நாயை விடுவார்கள். மான் குளம்பைப் பொருத்திய பிரத்யேகக் காலணியோடு தடம் போடுவதும் உண்டு, குளம்பின் வாசனை மண்ணில் பதியும் என்பதால். தடம் எங்கே திரும்புகிறது என்று நாயைப் பிடித்துப்போகிறவருக்கே தெரியக்கூடாது. எட்டு வாரத்தில் ஒரு இளநாயை இதற்குத் தயார் செய்துவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். எவ்வளவு பழைய தடம், யார் போட்டது என்று கேளுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். மணியைப் பழக்கியவரிடம் நான் கேட்டபோது, “உங்களைப் பார்த்தால் நாயின் கவனம் சிதறும்” என்று தட்டிக்கழித்தார். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. மின் அதிர்ச்சிப் பட்டையால் நாயைப் பழக்குவது இந்த நாட்டில் சட்டவிரோதம். 2006இல் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. 2014 ஆகஸ்டிலிருந்து, காசுக்கு நாய் பழக்குகிறவர் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இவரிடம் அது இல்லை என்பது, மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் நான் புகார் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

உங்கள் நாய் பயிற்சிக்குப் போய்வந்திருந்தால் இன்றே கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் சான்று வாங்கிவிடுங்கள். நான் பத்து நாள் தாமதித்துவிட்டேன். அதற்குள் மணிக்குப் புண் ஆறி, முடி முளைத்துவிட்டது.