ஆக்டேவியா ஆர்எஸ்: கிளட்சும் ஃப்ளைவீலும்

என் பழைய 1.8 டர்போ ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு லூக் கம்பெனி கிளட்ச் செட்டும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதியாகச் செய்த, இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) மாற்றியாயிற்று. பழைய செட்டில், நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் பறந்தது, வேகம் ஏறவில்லை. இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று சத்தம் வேறு. எடை குறைந்த, ஒரே துண்டான சிங்கிள் மாஸ் ஃப்ளைவீல் போடலாம் என்று மெக்கானிக் அண்ணன் ஆசை காட்டினார். ஆர்பிஎம் சட்டென்று ஏறும், உண்மைதான். ஆனால் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அந்த ஃப்ளைவீலுக்குள் கிடையாது. நியூட்ரலில் கியர்பாக்ஸ் கலகலக்கும். தினமும் சிக்னலில் தவம் கிடக்கிற எனக்கு அது சரிப்படாது.

விலை வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பெடல் லேசு, வண்டி எடுக்கும்போது உதறலே இல்லை. ரிலீஸ் பேரிங்கையும் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) சேர்த்தே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி அதைவிட அதிகம். ஃப்ளைவீல் போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும், பழையது முறுக்கியதில் நீண்டிருக்கும். ரீமேப் செய்தவர்கள் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பவர் கூட்டியவர்கள்) மட்டும் ஸாக்ஸ் பர்ஃபார்மன்ஸ் கிளட்ச் பக்கம் பார்க்கலாம்.