தேர்தலில் தோற்ற பிறகும் ஆட்டம் தொடர வேண்டும்: இரண்டு அரசியல் வியூக விளையாட்டுகளுடன் என் நீண்ட அனுபவம்

'டெமாக்ரசி 4', 'விக்டோரியா 3' ஆகிய இரண்டு கணினி விளையாட்டுகளும் 2022ஆம் ஆண்டில், முன்னது ஜனவரியிலும் பின்னது அக்டோபரிலும், முழுமையாக வெளிவந்தன. அன்று முதல் இரண்டையும் மாறி மாறி ஆடி வருகிறேன். மக்களாட்சியை இவை எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகின்றன என்ற கேள்விக்கு முதல் மாதத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு, இன்று சொல்லும் பதில் வேறு.

முதலில் என்னைக் கவர்ந்தது 'டெமாக்ரசி 4'தான். திரை முழுக்கச் சிறு வட்டங்கள். பெட்ரோல் வரிக்குரிய வட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் கிளம்பி, வாகன ஓட்டிகளின் கோபத்தையும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் மகிழ்ச்சியையும் ஒரே நொடியில் காட்டிவிடும். ஒரு வாக்காளர் ஒரே நேரத்தில் வாகன ஓட்டியாகவும் பெற்றோராகவும் தொழிற்சங்கத்தவராகவும் இருக்கலாம் என்ற அமைப்பு மிக நுட்பமானது. இதற்காகவே இந்த விளையாட்டை இன்றும் பரிந்துரைப்பேன்.

ஆனால் நாள்பட ஆடியபோது ஒரு குறை உறுத்தத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றும் மூன்று மாதம். கொள்கைகளை மாற்றச் செலவிட வேண்டிய 'அரசியல் மூலதனம்' என்ற புள்ளிகள் கையில் இருந்தால் போதும், எந்தக் கொள்கையையும் நான் ஒருவனே மாற்றிவிடலாம். மசோதாவை எதிர்த்துப் பேச ஓர் அவை இல்லை. எதிர்க்கட்சி என்பது தேர்தல் நாளில் மட்டும் தோன்றும் ஓர் எண். தோற்றால் ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதால், தேர்தலுக்கு இரண்டு சுற்றுகள் இருக்கையில் வரியைக் குறைப்பதும் வென்றவுடன் ஏற்றுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டன. ஆட்சியைக் கைமாற்றிக் கொடுக்கும் அனுபவத்துக்கு அங்கே இடமே இல்லை.

'விக்டோரியா 3'இல் ஆடுபவர் ஆட்சியாளர் அல்லர். 1836 முதல் 1936 வரை ஒரு நாட்டின் போக்கையே நடத்துகிறார். ஆகவே அரசு கவிழ்ந்தாலும் ஆட்டம் தொடர்கிறது. நிலவுடைமையாளருக்குப் பெரும் செல்வாக்குத் தரும் வாக்குரிமையை மாற்றி அனைவருக்கும் வாக்களிக்கும் உரிமையைக் கொண்டுவர நான் முதன்முதலில் முயன்றபோது, அதற்குச் சம்மதிக்க வேண்டியவர்களே அதனால் இழக்கப் போகிறவர்களாக இருந்ததால், சட்டம் திரும்பத் திரும்ப முடங்கியது. வெளியே கிளர்ச்சியாளர்கள் பெருகினார்கள். ஆலைகளும் பள்ளிகளும் பெருகி, தொழிலாளரும் படித்தவர்களும் தனிச் சக்தியாகத் திரண்ட பின்புதான் வழி திறந்தது. ஏறத்தாழ முப்பது ஆட்ட ஆண்டுகள் பிடித்த அந்தப் போராட்டம், வாக்குரிமை எப்படி வருகிறது என்பதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது.

இதிலும் குறை உண்டு. தேர்தல் முடிவைப் புறக்கணித்து நிலவுடைமையாளர், தொழிலாளர் போன்ற குழுக்களில் விருப்பமானவற்றைக் கொண்டு அரசு அமைக்க முடியும். அரசின் ஏற்புடைமை சரியும், சட்டம் இயற்றுவது கடினமாகும், அவ்வளவுதான். எதேச்சாதிகாரம் அதிகாரப் புள்ளிகளை அள்ளித் தருவதால் மக்களாட்சியைத் தள்ளிப்போடும் ஆசையும் எழுகிறது. 1996இல் வந்த 'சிவிலைசேஷன் II' என்ற விளையாட்டில் மக்களாட்சியைத் தேர்ந்தவர்களின் போர் முடிவைச் செனட் என்னும் அவை தடுத்துவிடும். அன்று அதைத் தொல்லை என்றே நினைத்தேன். ஆடுபவரின் விருப்பத்துக்கு ஒரு நிறுவனம் குறுக்கே நிற்பதை அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய அந்த எளிய விதியை இப்போது பெரிதும் மதிக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'விக்டோரியா 3'ஐப் பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாத 'அயர்ன்மேன்' முறையில் ஆட வேண்டும் என்பேன். தோல்வியை அழித்துவிட்டு மீண்டும் ஆடும் வசதி இருக்கும்வரை தேர்தலுக்கு அங்கே பொருள் இல்லை. என் தற்போதைய ஆட்டத்தில் ஆண்டு 1908. நான் விரும்பாத கட்சி வென்று ஆட்சியில் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கிடப்பில் போட வேண்டியதாயிற்று. அடுத்த தேர்தலுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. அதுவரை பள்ளிகளுக்குச் செலவிட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.