பிரிட்டனின் வீட்டு விலைச் சண்டை: அரசுப் பணம் யார் கைக்குப் போகிறது?

1997-ல் இங்கிலாந்தில் ஒரு நடுத்தர வீட்டின் விலை, முழுநேர ஊழியர் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைப்போல மூன்றரை மடங்கு. 2021-ல் அது 9 மடங்கைத் தாண்டியது. 2024-ல் கொஞ்சம் இறங்கி 7.7. இந்தக் கணக்கை வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் மறுப்பதில்லை. என்ன செய்வது என்பதில்தான் அடிதடி.

அவையில் பேசப்படும் யோசனைகளைச் சலித்துப் பார்த்தால் மூன்று தேறும். வீடு வாங்குபவரின் கையில் பணம் கொடுப்பது ஒன்று. கட்டட அனுமதி விதிகளைத் தளர்த்தி, தனியார் கட்டுநர்களை நிறையக் கட்டவைப்பது இன்னொன்று. மூன்றாவது, கவுன்சில்கள் எனும் உள்ளாட்சி அமைப்புகளும் லாப நோக்கற்ற வீட்டு வசதிச் சங்கங்களும் குறைந்த வாடகை வீடுகள் கட்ட அரசே நிதி தருவது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு முதல் வழியில் பிரியம் அதிகம். லேபர் அரசு இரண்டாவதை முன்னால் நிறுத்தி, மூன்றாவதையும் கூட்டிக்கொண்டு நடக்கிறது. லிபரல் டெமாக்ரட்டுகளும் பசுமைக் கட்சியும் மூன்றாவதையே பெரிதாகப் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் வீட்டுக் கொள்கை அந்தந்த அரசுகளின் கையில் இருப்பதால், இங்கே பேச்சு பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியது.

என் தீர்ப்பை ஒளித்து வைக்கவில்லை. முதல் வழியின் கணக்கு வழக்கு வந்துவிட்டது, நன்றாக இல்லை. இரண்டாவது தேவைதான், ஆனால் தனியாக ஓடாது. ஓட வைக்கக்கூடிய மூன்றாவதுக்குத்தான் அவையில் ஆகக் குறைந்த நேரம் கிடைக்கிறது.

முதல் வழியிலிருந்து தொடங்கலாம். 2013 ஏப்ரலில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நிதியமைச்சராக இருந்தபோது 'ஹெல்ப் டு பை' பங்குக் கடன் வந்தது. புதிதாகக் கட்டிய வீடு மட்டும். 6 லட்சம் பவுண்டு வரை. வாங்குபவர் 5 சதவீதம் முன்பணம் போட்டால் போதும், அரசு 20 சதவீதம் கடன் தரும், முதல் ஐந்து ஆண்டுக்கு வட்டி கிடையாது. லண்டனில் 2016 முதல் அரசின் பங்கு 40 சதவீதம். 2023-ல் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 3,87,000 வீடுகள் இதன் மூலம் விற்றிருந்தன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் வீடு வாங்கியவர்கள். அந்தக் குடும்பங்களுக்கு இது நல்ல திட்டம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் பார்த்தபோது, பயன்பெற்றவர்களில் ஐந்தில் மூன்று பேர் இந்த உதவி இல்லாமலேயே ஒரு வீட்டை வாங்கியிருக்க முடியும் என்று தெரிந்தது. இதைவிடச் சுவாரசியமானது லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் செய்தது. அவர்கள் இரண்டு எல்லைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று லண்டன் பெருநகர எல்லை: கோட்டுக்கு உள்ளே 40 சதவீதக் கடன், வெளியே 20. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெருக்கள். உள்பக்கத்தில் புது வீடுகளின் விலை சுமார் 6 சதவீதம் ஏறியது; கட்டுமானம் கூடவில்லை. இன்னொன்று இங்கிலாந்து–வேல்ஸ் எல்லை: இங்கிலாந்துப் பக்கம் வரம்பு 6 லட்சம், வேல்ஸ் பக்கம் 3 லட்சம். அங்கே இங்கிலாந்துப் பக்கம் கட்டுமானம் கூடியது, விலை பெரிதாக அசையவில்லை. நிலம் தாராளமாக இருக்கும் இடத்தில் மானியம் வீடாகிறது. நிலமும் அனுமதியும் இறுக்கமான இடத்தில் அது விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிக்கலே என்னவென்றால், உதவி அதிகம் தேவைப்படுவது அந்த இறுக்கமான இடங்களில்தான்.

பிரபுக்கள் அவைக் குழு ஒன்றும் 2022 ஜனவரியில் இதே முடிவுக்கு வந்தது. 2023 வரை இந்தத் திட்டத்தில் போகும் சுமார் 2,900 கோடி பவுண்டை வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் செலவழித்திருக்கலாம் என்றது.

பணம் எங்கே போனது என்பதற்கு ஒரு முகம் வேண்டுமென்றால் பெர்சிமன் என்ற கட்டுமான நிறுவனத்தைப் பார்க்கலாம். அதன் விற்பனையில் சுமார் பாதி 'ஹெல்ப் டு பை' வழியாக நடந்தது. 2018-ல் லாபம் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. தலைமை நிர்வாகி ஜெஃப் ஃபேர்பர்னுக்கு வந்த ஊக்கத்தொகை சுமார் 7.5 கோடி பவுண்டு. அதுவும் குறைத்த பிறகு! கூச்சல் அடங்காததால் அதே ஆண்டு அவர் பதவியை விட்டுப் போனார். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. மானியம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2024 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேட்டிவ் கட்சி புதிய 'ஹெல்ப் டு பை' ஒன்றை அறிவித்தது. 2025 அக்டோபரில் கட்சித் தலைவர் கெமி பேடனாக் இன்னொரு படி போய், குடியிருக்கும் வீட்டுக்கான முத்திரை வரியையே எடுத்துவிடுவோம் என்றார். முத்திரை வரி மோசமான வரி என்பதில் பொருளியலாளர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேலைக்காக வீடு மாறுபவர்களை அது தண்டிக்கிறது. ஆனால் அதை எடுத்தால் புதிதாக ஒரு செங்கல்லும் ஏறாது. (அந்த வரியைக் குறைத்துக் கட்டிய விவகாரத்தில்தான் 2025 செப்டம்பரில் வீட்டு வசதி அமைச்சர் ஏஞ்சலா ரெய்னரே பதவி விலகினார் என்பது தனிக்கதை.) லேபரும் இந்தப் பக்கம் கை கழுவியதில்லை. குறைந்த முன்பணத்தில் வீட்டுக்கடன் தரும் வங்கிகளுக்கான அரசு உத்தரவாதத்தை 2025 ஜூலையில் நிரந்தரமாக்கியது.

சரி, இரண்டாவது வழி. 1947-ன் நகர, ஊரகத் திட்டச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் நிலம் வைத்திருப்பதால் மட்டும் கட்டும் உரிமை வராது. ஒவ்வொரு திட்டத்துக்கும் கவுன்சில் தனியாக யோசித்து அனுமதி தர வேண்டும். நகரங்களைச் சுற்றி, கட்டடம் பரவாமல் தடுக்க ஒதுக்கிய பசுமை வளையம் வேறு நாட்டின் பரப்பில் 12 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் புல்வெளி மட்டுமல்ல, பழைய பெட்ரோல் பங்க்குகளும் கார் நிறுத்தங்களும் உண்டு.

2023 டிசம்பரில் அன்றைய கன்சர்வேட்டிவ் வீட்டு வசதி அமைச்சர் மைக்கேல் கோவ், தன் கட்சி எம்.பி.க்களின் நெருக்கடியால், கவுன்சில்களுக்கான வீட்டு இலக்கை வெறும் ஆலோசனை ஆக்கினார். சரியாக ஒரு வருடம் கழித்து ரெய்னர் அதை மறுபடி கட்டாயமாக்கினார். நாடு முழுக்கச் சேர்த்தால் ஆண்டுக்கு சுமார் 3,70,000 வீடுகள். வளையத்துக்குள் தரம் குறைந்த நிலத்துக்கு 'கிரே பெல்ட்' என்று பெயர் சூட்டிக் கதவைக் கொஞ்சம் திறந்தார். இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் 15 லட்சம் வீடுகள் என்பது அரசின் வாக்குறுதி. 2025 மார்ச்சில் வந்த திட்ட, உள்கட்டமைப்பு மசோதா டிசம்பரில் சட்டமானது.

அந்த விவாதத்தில் அதிகம் அடிபட்டவை, பாதுகாப்பு விதிகளால் கட்டுமானத்தைத் தாமதப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட வௌவால்களும் நியூட் என்னும் நீர்ப்பல்லிகளும். எச்.எஸ்.2 ரயில் பாதையில் 10 கோடி பவுண்டு செலவில் கட்டும் வௌவால் பாதுகாப்புக் கூண்டு, வீட்டுத் திட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலேயே, மசோதாவின் நட்சத்திரமாகிவிட்டது. கன்சர்வேட்டிவ்கள் உள்ளூர் மக்களின் குரல் போகிறது என்றார்கள். லேபருக்குள்ளேயே கிறிஸ் ஹின்ச்லிஃப் போன்றவர்கள் இயற்கையும் போகிறது, மலிவு வீடும் வரவில்லை என்றார்கள்.

அரசுக்குச் சாதகமான சான்றும் இருக்கிறது. பொருளாதாரக் கணிப்புகளைத் தரும் சுதந்திர அமைப்பான வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் 2025 மார்ச்சில், விதித் தளர்வால் 2029-30-ல் வீடு கட்டுவது ஆண்டுக்கு 3,05,000 வரை உயரும், பொருளாதாரம் 0.2 சதவீதம் பெரிதாகும் என்று கணித்தது. கஜானாவிலிருந்து ஏறக்குறைய எதுவும் எடுக்காமல் கிடைக்கும் பலன் இது. அதே கணிப்பில் ஐந்தாண்டு மொத்தம் பிரிட்டன் முழுவதற்கும் 13 லட்சம்தான். 15 லட்சம் என்ற இலக்கோ இங்கிலாந்துக்கு மட்டும்.

அந்த இடைவெளி ஏன் என்பதற்கு 2018-லேயே கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆலிவர் லெட்வின் பதில் சொல்லிவிட்டார். அனுமதி வாங்கிய பெரிய மனைகளில் வீடுகள் ஏன் மெதுவாக எழுகின்றன என்று ஆராயச் சொன்னது அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு. அவர் பார்த்த மனைகளில் கட்டி முடிக்க ஆகும் காலத்தின் இடைநிலை 15.5 ஆண்டுகள். நிலத்தைப் பதுக்கி விலையேற்றம் பார்த்து விற்கும் சதி எதையும் அவர் காணவில்லை. கட்டுநர்கள் அந்த வட்டாரத்தின் விலை சரியாத வேகத்தில் மட்டும் வீடுகளை விற்பனைக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். மொத்த மாம்பழத்தையும் ஒரே காலையில் சந்தையில் இறக்கும் வியாபாரி உண்டா? நிலத்தை வாங்கும்போதே இன்ன விலைக்கு விற்போம் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். விலையை இறக்கினால் நஷ்டம் அவர்களுக்கு. போட்டி, சந்தை ஆணையமும் 2024 பிப்ரவரியில் இதையே சொன்னது.

லிபரல் டெமாக்ரட்டுகளின் 'பயன்படுத்து, இல்லையேல் இழந்துவிடு' யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. அனுமதி ஏற்கெனவே பொதுவாக மூன்று ஆண்டில் காலாவதியாகிறது. ஆனால் தோண்டத் தொடங்கிவிட்டாலே போதும், அனுமதி உயிரோடு இருக்கும். தொடங்கிய பிறகு 15 ஆண்டு இழுப்பதை எந்தக் காலக்கெடுவும் தொடுவதில்லை.

இதற்கிடையே, பட்ஜெட்டில் வராத மானியம் ஒன்று இருக்கிறது. 1990-ன் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தின் 106-வது பிரிவின்படி, அனுமதிக்குப் பதிலாக ஒரு பங்கு வீடுகளைக் கட்டுநர் மலிவாகத் தர வேண்டும். 'இந்தப் பங்கோடு எனக்குக் கட்டுப்படியாகாது' என்று கணக்குக் காட்டினால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். லண்டனில் 35 சதவீதம் தந்தால் விரைவு அனுமதி என்று விதி இருந்தது. கட்டுமானம் படுத்துவிட்டதால் 2025 அக்டோபரில் அமைச்சர் ஸ்டீவ் ரீடும் மேயர் சாதிக் கானும் அதைத் தற்காலிகமாக 20 ஆக்கினார்கள். வட்டி, பொருள் விலை, உயரக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு ஒப்புதலின் தாமதம் என்று காரணங்கள் உண்மையானவை. ஆனாலும் சந்தை சூடாக இருந்த ஆண்டுகளில் இந்தப் பங்கை உயர்த்தும்படி எந்தக் கட்டுநரும் கோரிக்கை வைத்ததில்லை.

மூன்றாவது வழி பழையது. 1953-ல் ஆண்டுக்கு 3 லட்சம் வீடு என்ற இலக்கை எட்டிய அமைச்சர் ஹரால்ட் மேக்மில்லன், கன்சர்வேட்டிவ்! அவற்றில் பெரும்பாலானவை கவுன்சில் வீடுகள். வாடகைக்கு விடும் கவுன்சிலுக்கு லெட்வின் சொன்ன கவலை இல்லை. ஒரே மாதத்தில் 500 வீட்டைத் திறந்தாலும் காத்திருப்போர் பட்டியல் நிரப்பிவிடும். அதில் இன்று 13 லட்சம் குடும்பங்கள். கவுன்சில் வீட்டில் குடியிருப்பவரே அதைத் தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்று 1980-ல் பிரதமர் தாட்சர் கொண்டுவந்த வாங்கும் உரிமையால் இங்கிலாந்தில் சுமார் 20 லட்சம் வீடுகள் கைமாறின, போன அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. 2024 நவம்பரில்தான் அந்தத் தள்ளுபடி பெரிதாகக் குறைக்கப்பட்டது.

கட்டாததற்கும் விலை உண்டு. வீடில்லாதவர்களைத் தற்காலிகத் தங்குமிடங்களில் வைக்க 2023-24-ல் மட்டும் இங்கிலாந்தின் கவுன்சில்கள் சுமார் 230 கோடி பவுண்டு செலவழித்தன. இதில் நாட்டிலேயே மோசமான விகிதம் நியூஹாமில்; தமிழ்க் கடைகள் வரிசை கட்டும் ஈஸ்ட் ஹாம் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த வழியிலும் மிகைப் பேச்சு இல்லாமல் இல்லை. லிபரல் டெமாக்ரட்டுகளும் பசுமைக் கட்சியும் 2024-ல் ஆண்டுக்கு 1,50,000 சமூக வீடுகள், அதாவது குறைந்த வாடகை வீடுகள், கட்டுவோம் என்று வாக்குறுதி தந்தார்கள். கொத்தனாரும் மின்பணியாளரும் இப்போதே போதாத நாட்டில் அது சட்டென்று நடக்கிற காரியமில்லை. நிதியமைச்சராக ரேச்சல் ரீவ்ஸ் 2025 ஜூனில் அறிவித்தது பத்து ஆண்டுகளுக்கு 3,900 கோடி பவுண்டு. அதில் 3 லட்சம் வீடுகள், குறைந்தது 60 சதவீதம் சமூக வாடகைக்கு. அதாவது ஆண்டுக்கு 18,000 சமூக வாடகை வீடுகள். காத்திருப்போர் பட்டியலுக்கு முன்னால் சின்ன எண்தான், ஆனால் மூன்று வழிகளிலும் நான் முதலில் பணம் போடுவது இதில்தான். ஆண்டுக்கு 400 கோடி என்ற முழு அளவை அந்த நிதி எட்டுவது 2029-30-ல். அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும்.