கழுகு, கொடி, பள்ளிக்கூடச் சிறுமியின் சாம்ப்ளர்: வாங்கித் தைத்துப் பார்த்த மூன்று

2026 ஜூலை 4 அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டு. அதை முன்னிட்டு, துணியின் கட்டங்களில் பெருக்கல் குறிபோலத் தைக்கும் கிராஸ் ஸ்டிச் கடைகளெல்லாம் சிவப்பு, வெள்ளை, நீலமாகக் கிடக்கின்றன. கழுகு, கொடி, சுதந்திர மணி, இவை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் படம் என்று எதைத் திறந்தாலும் இதுதான். நான் வாங்கியது மூன்று. ஒரு கழுகு கிட், பதிமூன்று நட்சத்திரக் கொடி சார்ட் (கட்டம் கட்டமாக எண்ணித் தைக்கும் வரைபடம்) ஒன்று, அப்புறம் 1800களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிச் சிறுமி தைத்த சாம்ப்ளரின், அதாவது தையல் பாடத் துணியின், மறுபதிப்பு சார்ட். வேலையில் நான் கணக்குத் தணிக்கை செய்பவள். எதையும் எண்ணிப் பார்க்காமல் விட மாட்டேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கழுகு கிட்டை முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. பதினான்கு கவுண்ட் ஐடா துணி (அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம்), ஊசி, அட்டையில் சுற்றிய நூல், வண்ண அச்சில் சார்ட், எல்லாம் சேர்த்து 32 டாலர். கழுகின் இறகுகளில் நான்கு பழுப்பு நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும் விதம் அழகு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு காலில் அம்புகளும் மறு காலில் ஆலிவ் கிளையுமாக நிற்கும் கழுகு அம்புகளின் பக்கம் பார்க்கிறது. 1782இல் ஏற்றுக்கொண்ட நாட்டின் பெருமுத்திரையில் அது ஆலிவ் கிளைப் பக்கம்தான் திரும்பியிருக்கும். ஜனாதிபதியின் முத்திரையில் மட்டும் 1945இல் ட்ரூமன் மாற்றும்வரை அம்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் வடிவமைத்தவரை இதற்காக மன்னித்துவிடலாம். பின்னால் பறக்கும் கொடியில் பதினொரு பட்டைகள் இருப்பதை மன்னிக்க முடியவில்லை. நட்சத்திரம் குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை, சின்ன இடத்தில் ஐம்பதைத் திணிக்க முடியாது. பட்டை அப்படியல்ல. ஏழு சிவப்பு, ஆறு வெள்ளை, மேலும் கீழும் சிவப்பு. இன்னும் நான்கே வரிசை சேர்த்திருந்தால் பதிமூன்றும் வந்திருக்கும்.

அதைவிடப் பெரிய வருத்தம் சிவப்பு நூல். எந்தக் கம்பெனி நூல், என்ன எண் என்று அட்டையில் ஒன்றும் போடவில்லை. தைத்து முடித்து, கைரேகை அழுக்குப் போகக் குளிர்ந்த நீரில் போட்டதும் தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்தது. வெள்ளைப் பட்டைகளில் இரண்டு இப்போதும் லேசான இளஞ்சிவப்பு. விற்றவர்களுக்கு எழுதினேன், 'துவைக்கக் கூடாது' என்று பதில் வந்தது. அந்த வாசகம் பெட்டியின் எந்த மூலையிலும் இல்லை. எந்தக் கிட் வாங்கினாலும் சிவப்பு நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைக் காகிதத்தில் அழுத்திப் பாருங்கள். காகிதத்தில் கறை இறங்கினால் அந்தச் சிவப்பை ஓரம் கட்டிவிட்டு டிஎம்சி கம்பெனி நூலில் 321 அல்லது 498ஆம் எண் வாங்கிக்கொள்வது மேல். டிஎம்சியில் எனக்கு இதுவரை சாயம் போனதில்லை. கையால் சாயமேற்றிய நூல்கள் வேறு கதை. அவற்றில் தைத்ததை நான் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோவதில்லை.

கொடி சார்ட் 12 டாலர், பிடிஎஃப் மட்டும். நீலச் சதுரத்தில் வட்டமாகப் பதிமூன்று நட்சத்திரம், கீழே பெரிய எழுத்தில் 1776. பார்த்ததும் என் தணிக்கைக் கண் திறந்துகொண்டது. பதிமூன்று பட்டை, பதிமூன்று நட்சத்திரம் என்ற தீர்மானம் நிறைவேறியது 1777 ஜூன் 14 அன்று. நட்சத்திரங்களை வட்டமாக வைக்க வேண்டுமா, வரிசையாக வைக்க வேண்டுமா என்று அந்தத் தீர்மானம் சொல்லவே இல்லை. முதல் கொடியைப் பெட்சி ராஸ் என்ற பெண் தைத்த கதையும் அவருடைய பேரன் 1870இல் பிலடெல்பியாவில் ஒரு கூட்டத்தில் சொன்ன பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்து ஆவணம் எதுவும் அதற்குத் துணை நிற்கவில்லை. 1776 என்பது விடுதலை அறிவித்த ஆண்டு என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லைதான். நான் அதை 1777 ஆக்கித் தைத்தேன், ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும். மற்றபடி நல்ல சார்ட். குறியீடுகள் பெரிதாக, தெளிவாக இருக்கின்றன. பக்கம் மாறும் இடத்தில் முந்தைய பக்கத்தின் மூன்று வரிசைகளைச் சாம்பல் நிறத்தில் மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் இடம் தவறவில்லை. டிஎம்சி எண்களில் சிவப்புக்கு 815, நீலத்துக்கு 823, வெள்ளைக்கு 712 என்று கொஞ்சம் மங்கிய நிறங்களாகச் சொல்லியிருப்பதும் நல்ல ரசனை. அப்பட்டமான வெள்ளையைப் போட்டிருந்தால் பார்ட்டிக் கடைக் கொடிபோல ஆகியிருக்கும். ஒரு வார இறுதியிலும் அடுத்து வந்த சில மாலைகளிலும் முடிந்துவிட்டது. புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

இனி சாம்ப்ளர். இந்தப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்கு: எட்டு முதல் பதினைந்து வயதுவரை உள்ள பெண் குழந்தைகள் எழுத்துகள், எண்கள், ஒரு பக்திப் பாட்டு, ஒரு வீடு, இரண்டு மரம், கடைசியில் தன் பெயர், வயது, ஆண்டு என்று லினன் துணியில் தைத்துக் காட்டிய பாடம்தான் சாம்ப்ளர். அமெரிக்காவில் தைக்கப்பட்டவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது லோரா ஸ்டாண்டிஷ் தைத்தது. 1650ஐ ஒட்டிய காலம், பிளிமத்தில் உள்ள பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேல் கழித்து, ராட் ஐலண்டின் பிராவிடன்ஸில் மேரி பால்ச் நடத்திய பள்ளியின் பெண்கள் ஊரின் அரசுக் கட்டடங்களையே ஜன்னல் ஜன்னலாகத் தைத்து வைத்தார்கள். பெண்கள் ஓட்டுப் போடக்கூட முடியாத காலத்தில் சட்டமன்றக் கட்டடம் ஒரு சிறுமியின் ஊசியில் எழுந்து நிற்கிறது. இதைவிடவா ஒரு கழுகு தேசபக்தியைச் சொல்லிவிடும்? சாம்ப்ளர்களில் வழக்கமாக வரும் ஒரு செய்யுள் உண்டு. இன்னது என் பெயர், நியூ இங்கிலாந்து என் தேசம், இன்ன ஊர் என் இருப்பிடம், கிறிஸ்துவே என் மீட்பு என்று போகும். அமெரிக்கா என்று ஒரு நாடு பிறக்கும் முன்பே குழந்தைகள் தேசம் என்ற சொல்லைத் துணியில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாங்கிய சார்ட் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பாணி. 1799இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய வெஸ்ட்டவுன் பள்ளியைச் சுற்றிப் பரவிய பாணி இது. அலங்காரமில்லாத ரோமன் எழுத்துகள், பாதி வட்டமாகவும் முழு வட்டமாகவும் பதக்கம் போன்ற வடிவங்கள், இலைமாலை. வெஸ்ட்டவுனில் பட்டுத்துணியில் பூகோள உருண்டைகூடத் தைத்திருக்கிறார்கள், நிலப்படத்தோடு. குவேக்கர்கள் போரே வேண்டாம் என்றவர்கள். இன்று அதே பதக்கங்களைச் சிவப்பும் நீலமுமாக மாற்றிப் பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்து 'தேசபக்தி சாம்ப்ளர்' என்று விற்கிறார்கள். சிரித்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டியதுதான்.

இந்த சார்ட்டின் விலை 18 டாலர், தடித்த காகிதத்தில் அச்சு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சிறுமியின் தப்புகளை அப்படியே விட்டிருப்பது. மேல் ஓரத்துப் படர்கொடி இடமிருந்து அழகாக வந்து, வலது மூலையில் இடம் போதாமல் ஒரு இலையை விழுங்கிவிட்டுத் திரும்புகிறது. அவள் குடும்பப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் வரிசையில் கொள்ளாமல் மேலே ஏறிக் குட்டியாக உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கில எழுத்து வரிசையில் ஜேயும் (J) யூவும் (U) இல்லை, அது பழைய வழக்கம், ஐயும் (I) வீயுமே (V) அந்த வேலையையும் பார்த்துக்கொண்டன. விட்டுப்போயிற்று என்று நினைத்து யாராவது சேர்த்துவிடப் போகிறார்களே என்று சார்ட்டிலேயே ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். இதே வகையில் வேறு சில மறுபதிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஓரங்களைச் சமன் செய்து, மரங்களை ஒரே உயரத்தில் நிறுத்தி, பெயரை நடுவில் வைத்து 'சீர்' செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த பிறகு அது எந்தச் சிறுமியுடையதும் அல்ல.

நிறப் பட்டியல் இரண்டு தந்திருக்கிறார்கள். ஒன்று இன்று முன்பக்கம் தெரியும் மங்கிய நிறங்கள். இன்னொன்று துணியின் பின்பக்கத்தைப் பார்த்து எடுத்தது. வெளிச்சம் படாததால் அங்கே பழைய நிறம் தங்கியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு துணி என்றுதான் நினைப்போம். மங்கிய பழுப்பாகத் தெரிந்த பறவை பின்னால் நல்ல பச்சை. நான் பின்பக்க நிறங்களில் தைத்தேன். பழமை வாசனைக்காகத் தேநீர்ச் சாயத்தில் ஊறப்போட்ட துணிதான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அந்தக் குழந்தை மங்கிய நூலில் தைக்கவில்லை.

அளவு 180க்கு 220 கட்டம், கிட்டத்தட்ட 40 ஆயிரம். பதினான்கு கவுண்ட் ஐடாவில் தைத்தால் 13க்கு 16 அங்குலம் ஆகிச் சுவரையே அடைக்கும். 36 கவுண்ட் லினனில் (அங்குலத்துக்கு 36 இழை) இரண்டு இழைக்கு ஒரு தையல் வைத்தால் 10க்கு 12 அங்குலத்தில் அடங்குகிறது. கண்ணாடி போட்டவர்கள் நல்ல விளக்கை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் லினன் வாங்குங்கள். பாட்டு வரிகள் ஒரு இழைக்கு ஒரு தையல் என்பதால் அங்கே எனக்கும் பெருமூச்சு வந்தது. ஸ்ட்ராபெரிகளுக்குக் குவீன் ஸ்டிச். ஒரு சின்ன இடத்துக்குள் சில நீளத் தையல் போட்டு ஒவ்வொன்றையும் நடுவில் கட்ட வேண்டும். இதற்கான விளக்கப் படம் மட்டும் மோசம். தபால் தலை அளவில் அச்சிட்டு, எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. முன்பே இந்தத் தையல் தெரியாதவர்கள் வேறு எங்காவது பார்த்துப் பழகிவிட்டுத்தான் தொடங்க முடியும்.

இன்னொரு குறை, பட்டு நூலுக்குக் கொடுத்த எண்களில் இரண்டு இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. டிஎம்சி பருத்தி நூலுக்கான மாற்றுப் பட்டியல் இருப்பதால் அதில் தைத்துவிட்டேன். செலவும் பல மடங்கு மிச்சம். லினனும் நூலும் சேர்ந்து எனக்கு 50 டாலருக்குள் முடிந்தது.

கீழ் மூலையில் தைப்பவரின் முதலெழுத்துகளுக்கும் ஆண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அதைக் காலியாக விடாதீர்கள். பழைய லினன் நிறத்தில் பழைய ஆண்டை மட்டும் தாங்கி நிற்கும் மறுபதிப்பு நாளைக்கு யார் கையிலாவது 'அசல்' ஆகிவிடும். என்னுடையதில் 2026 இருக்கிறது, ஒரு இழைக்கு ஒரு தையலில்.