தரங்கம்பாடியா, பூம்புகாரா? கடல் வரலாறு காண ஒரு நாள் மட்டும் இருந்தால்

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் கடல் வாணிக வரலாற்றைச் சொல்லும் சிற்றூர்கள் இரண்டு உள்ளன. ஒரே நாளில் இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பது மேல் என்று கருதி நான் தரங்கம்பாடியைத் தேர்ந்தேன். பழமையும் புகழும் பூம்புகாருக்கே உரியவை. போக்குவரத்து வசதியிலும் கடற்காற்றிலும் பெரிய வேறுபாடு இல்லை.

என் தேர்வை முடிவுசெய்தது ஒன்றே: காட்சிக்கூடத்தில் கண்ட பொருளை, வெளியே வந்ததும் அது புழங்கிய இடத்தோடு பொருத்திப் பார்க்க முடிகிறதா என்பது. தரங்கம்பாடியில் அருங்காட்சியகம் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை அது. கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறையும் இருந்தன; மேல்தளத்தில் ஆளுநரும் மூத்த வணிகரும் வாழ்ந்தனர். உள்ளே சீனப் பீங்கான்களைப் பார்த்துவிட்டு மதிலருகே வந்து நின்றால், எதிரே திறந்த கடல்தான் தெரியும்; அக்காலத்தில் இங்கே துறைமுகமே இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த பலகைப் படகுகளில் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்ப்பதே சோழமண்டலக் கரையின் அன்றைய வழக்கம். கிடங்கும் காவலும் ஏன் மணற்கரையிலேயே அமைய வேண்டியிருந்தன என்பது அங்கே விளக்கப் பலகையின் துணையின்றியே புரிந்துவிடுகிறது. 1792ஆம் ஆண்டின் நகரவாயில், 1701இன் சீயோன் ஆலயம், 1718இன் புதிய எருசலேம் ஆலயம் ஆகிய எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம்.

குறையும் உண்டு. கோட்டைக் காட்சிகள் டேனிஷ்காரர் கதையையே பெரிதும் சொல்கின்றன. படகோட்டிய தமிழர்களைத் தேடத்தான் வேண்டும். அதற்கு ஓரளவு ஈடாக, கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயில், டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இங்கே ஓர் ஊர் இருந்ததற்குச் சான்று.

பூம்புகாரை நான் பார்த்தது அவசரமாகத்தான். தொல்லியல் அறிந்த ஒருவர் உடன்வந்தால் என் கருத்து மாறவும் கூடும். 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் அழகானது, ஆனால் அது ஒரு காப்பியத்தின் சிற்பக்கூடமேயன்றிக் கடல்சார் அருங்காட்சியகம் அன்று. ஆழ்கடல் அகழாய்வுப் பொருள்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகமே நம் தேடலுக்கு உரியது. அப்பொருள்களுக்குரிய நகரமோ கடலுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடக்கிறது. கீழையூர், வானகிரி, பல்லவனேச்சுரம் என அகழாய்வு இடங்களும் சிதறியிருக்கின்றன. அவற்றை இணைத்து நகரை எழுப்பும் வேலை முழுவதும் நம் கற்பனையின் தலையில் விழுகிறது.

இரண்டாம் நாளும் கிடைத்தால் பூம்புகாரைத் தவறவிட வேண்டாம். ஆனால் தரங்கம்பாடிக்குப் பிறகே செல்லுங்கள். துறைமுகமற்ற கரையில் சரக்கு இறக்கும் சிரமத்தை அறிந்தபின் பார்த்தால்தான், கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையின் அருமை தெரியும். தரங்கம்பாடிக்கு வாய்க்காத அந்தப் பாதுகாப்பைப் புகாருக்குக் காவிரியின் கழிமுகம் கொடுத்திருந்தது.